மல்சனுலேயோவில் ஒரு நண்பர்

போன செவ்வாய்க்கிழமை கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ் ஏறினேன். கண்டக்டர் ஏழுமலை எனக்குப் பழக்கம். டிக்கெட் கிழிக்கும்போதே ஊர்க்கதை பேசுகிற மனிதர், அன்றைக்கு டிக்கெட்டை மட்டும் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

மலையடிவாரத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற பஸ் நின்றது. ஏழுமலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு கடிதத்தை நீட்டினார்.

"யானோஷ் போட்டிருக்காருங்க சார்."

யானோஷ் ஹங்கேரியில் டிராம் கண்டக்டர். நம்ம ஏழுமலை தபாலிலேயே எஸ்பெராண்டோ படித்தவர். ஒன்பது வருஷமாக இருவரும் அந்த மொழியில்தான் கடிதம் எழுதிக்கொள்கிறார்கள். நேரில் பார்த்ததில்லை.

கடிதத்தில் ஒரே ஒரு வார்த்தை — மல்சனுலேயோ. கீழே நடுங்கிய கையெழுத்து. ஏதோ மருந்தின் பெயர் என்று நினைத்தேன்.

"இன்னா ஏழுமலை இது?"

டிக்கெட் கட்டோடு ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்த அட்டைத் துண்டுகளை உருவினார். பழைய கல்யாணப் பத்திரிகையில் வெட்டியவை. துண்டுக்கு ஒரு சொல். நான்கை மடியில் வரிசையாக வைத்தார்.

"மல் — எதிரு. சன் — ஆரோக்கியம். உல் — ஆளு. ஏயோ... இடம். ஆரோக்கியம் இல்லாதவங்க இருக்கிற எடம். ஆஸ்பத்திரி சார்."

"இப்படியேவா மொத்த மொழியும்?"

"ஆமாங்க. மூணு ரூபா டிக்கெட் தீர்ந்துபோச்சுன்னா ரெண்டும் ஒண்ணுமா கிழிச்சிக் குடுக்கிறோமில்ல? அப்படித்தான்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. யாரோ ஒரு கண் டாக்டர் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கிய மொழி. அதை இந்த மனிதர் கண்டக்டர் பையில் போட்டுக்கொண்டு மலை ஏறுகிறார்! இத்தனை வருஷமாகத் தமிழில் எழுதிக் கிழிக்கிறேனே... ஒரு சொல்லையாவது இப்படிப் பிரித்து மடியில் வைத்துப் பார்த்திருக்கிறேனா?

"பொழைச்சிக்குவாருங்களா சார்?"

சும்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வெள்ளிமலையில் இறங்கியதும் நேராகப் போஸ்ட் ஆபீஸ். ஏர்மெயில் கவருக்குள் சன், உல், ஏயோ மூன்றையும் போட்டு ஒட்டினார். மல் மட்டும் சட்டைப் பைக்குள் போனது.

"அது?"

"அவருக்கு எதுக்குங்க அது? எங்கிட்டயே இருக்கட்டும். மீதி மூணையும் சேர்த்துப் பார்த்தா, ஆரோக்கியமா இருக்கிறவங்க எடம். வூட்டுக்குப் போய்ச் சேருன்னு சொல்றேன்... புரிஞ்சிக்குவாரு."

பஸ் திரும்பியது. ஏழுமலை விசில் கொடுத்தார். ஒரு கை அந்தச் சட்டைப் பை மேலேயே இருந்தது.

யானோஷ், எழுந்து வீட்டுக்குப் போங்கள். உங்கள் நோய் இப்போது கல்வராயன் மலை பஸ்ஸில் இருக்கிறது... இறங்க விடமாட்டார் எங்கள் கண்டக்டர்.