தொட்டியின் அடிவட்டம்

உருளையின் பரப்பைக் கணக்கிடுவது எளிது. சுற்றளவை உயரத்தால் பெருக்கினால் பக்கப் பரப்பு வந்துவிடும். மேலே ஒரு வட்டம், கீழே ஒரு வட்டம். மூன்றையும் கூட்ட வேண்டும். என் அரசுப் பணிக்காலம் முழுவதிலும் இதை ஒரே ஒருமுறைதான் குறைத்துக் கூட்டினேன். அதுவும் விதிப்படி.

ஒன்றிய அலுவலகத்தில் பணி மேற்பார்வையாளனாக இருந்தபோது, பழவேற்காட்டுக் கடலோரக் குப்பம் ஒன்றில் இரும்புக் குடிநீர்த் தொட்டிக்குப் பெயிண்ட் அடிக்க அளவெடுக்கப் போனேன். குறுக்களவு இரண்டு மீட்டர், உயரமும் இரண்டு. பக்கம் பன்னிரண்டரைச் சதுர மீட்டர், மேல்வட்டம் மூன்று சொச்சம். கூட்டி எழுதி நோட்டை மூடினேன்.

கருவாடு காய வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து வந்தார்.

"சார், அடிக்கு?"

"அடி மேடையோட ஒட்டியிருக்கும்மா. ஒட்டின பரப்ப அளக்கக் கூடாதுன்னு விதி."

"எங்க ஒட்டிக்கினு கீது? மூணு சிமெண்ட் கட்டை மேல நிக்குது. நடுவுல உப்புக் காத்து பூந்து வருது. குந்திப் பாரு சார், கைய வுட்டா துரு செதில் செதிலா வரும்."

குந்திப் பார்த்திருக்கலாம். அன்று வெள்ளைப் பேன்ட் போட்டிருந்தேன்.

பக்கத்தில் வலை சரிசெய்துகொண்டிருந்தவர்களில் ஒருவர் சொன்னார்: "தண்ணிய வடிச்சிட்டா இருபது பேரு தோள் குடுத்து சாச்சிடுவோம் சார். போட்டையே கவுக்கறோம், இது இன்னா?"

"போட்டுக்கு அடியிலதான் மொதல்ல பூசுவோம்" என்றார் அந்தப் பெண். பிறகு என் தலைச்சாயத்தை ஒரு பார்வை பார்த்தார். "சாருக்கு உச்சியில பூசினாப் போதும் போல."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அரசுத் தொட்டியில் வெளியாட்கள் கைவைக்க விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினேன். உண்மையில் விதியில் இடம் இருந்தது. ஊர் மக்களின் உழைப்பைச் சேர்த்துக்கொள்ள ஒரு தனிப் பத்தியே உண்டு. எந்தப் பக்கத்தில் என்றுகூட எனக்குத் தெரியும்.

தொட்டி பளபளவென்று ஆனது. அடுத்த கோடையில் அடித்தகடு விட்டுப்போய், இருந்த தண்ணீரெல்லாம் மணலுக்குள் இறங்கியது. புதுத் தொட்டிக்கான கோப்பை நானே எழுதினேன். ஒரு கையெழுத்து குறையாமல், ஒரு வாரம்கூட முந்தாமல் நகர்ந்தது. என்னை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. என் அளவு நோட்டில் பிழையே இல்லை.

அந்த மாதங்களில் ஒருநாள் மேடையைப் பார்க்கப் போனபோது அதே பெண் எதிரே வந்தார். பக்கத்துக் குப்பத்து பம்பிலிருந்து, கொதிக்கும் மணலில், இடுப்பில் குடம். மகள் பிள்ளை பெற்று வீட்டில் படுத்திருக்கிறாளாம்.

"கொயந்தைக்கு ஒரு நடை, பெத்தவளுக்கு ரெண்டு நடை" என்றார். குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "அன்னிக்கு கணக்கு சரியாத்தான போட்ட சார்?"

"சரியாத்தாம்மா போட்டேன்."

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தார்.

தப்பு என்னுடையது என்று நான் சொன்னால் கேட்க அப்போது அங்கே வேறு யாருமே இல்லை. சொல்லியிருந்தால் அவர் ஒருவர் காதில்தான் விழுந்திருக்கும். சொல்லவில்லை. குடத்தையாவது வாங்கிக்கொண்டு வீடுவரை நடந்திருக்கலாம். கையில் அளவு நோட்டு இருந்தது.