இறகு வைத்த இருளரும் இரவல் போர்வைத் தோடரும்

குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் போடுவது லேசுப்பட்ட தொழில் இல்லை. எழுத்தில் தப்பு இருந்தால் பத்துப் பேரில் ஒருவர் கண்டுபிடிப்பார், படத்தில் தப்பு இருந்தால் மூக்கு ஒழுகும் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். இதில் அடிபட்ட சக தொழிலாளிகளுக்கு நான் சொல்வது புரியும்.

அறுபதுகளில் நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சைன்போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். சிதம்பரம் கீழவீதியில் பதிப்பகம் வைத்திருந்த சிவப்பிரகாசம் முதலாளிக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. நம் நாட்டுப் பழங்குடி மக்களைப் பற்றிச் சின்னப் பிள்ளைகளுக்கு மூன்று புத்தகம். பக்கத்துக்கு ஒரு படம், இரண்டு வரி. முதலில் ஊட்டித் தோடர், பிறகு வடகிழக்கு மலைகளின் நாகர், கடைசியில் இருளர். "மூணும் ஓடிச்சின்னா வருஷத்துக்கு ஆறு புத்தகம் உங்களுக்குத்தான். போர்டு எழுதறத விட்டுடலாம்" என்றார். பல்பொடி டப்பா வரைந்து வரைந்து கை மரத்துப்போயிருந்த எனக்கு வேறென்ன வேண்டும்? வாரம் இரண்டு தரம் வரைந்த தாள்களைச் சுருட்டிக்கொண்டு பாசஞ்சர் ரயிலில் சிதம்பரம் போகத் தொடங்கினேன். என் மனைவி அதற்குள் தெரு முழுக்க, "இவுரு இனிமே போர்டு எழுத மாட்டாரு" என்று சொல்லி முடித்துவிட்டாள்.

இரவல் போர்வை

தோடரைப் பற்றி என்னிடம் இருந்தது ஒரு பத்திரிகையில் வெட்டியெடுத்த மங்கலான போட்டோ. ஆள் தெரிந்தார், குடிசை தெரிந்தது, போர்வை எப்படி மடிந்து விழுகிறது என்பது மட்டும் தெரியவில்லை. எதிர்க்கடையில் சோடா போடும் கபூர் என் பால்ய சினேகிதன். கரை போட்ட வெள்ளைப் போர்வை ஒன்றை வீட்டிலிருந்து எடுத்துவந்து போர்த்திக்கொண்டு, அக்னி நட்சத்திரத்து வெயிலில் அரை மணி நேரம் கம்பும் கையுமாக நின்றான். "மச்சான், ஊட்டின்னு சொன்ன, இங்க இட்லி மாதிரி வேவுறேனே" என்று நடுநடுவே புலம்பினான்.

புத்தகம் வந்ததும் முதல் பிரதியை அவன் வீட்டுக்கு எடுத்துப்போனேன். அவன் மனைவி ஜொகரா, தாடியோடு தோடர் நிற்கும் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்த்தார். "தாடி வெச்சிட்டா இவுரு தோடராயிடுவாராண்ணே? அது கெடக்கட்டும், நாலு மாசமாத் தேடறேன், என் போர்வ உங்க கடயிலதான் இருக்குதா?"

எருமையின் குறை

புத்தகத்தைப் பள்ளிக்கூடங்களுக்கு எடுத்துப்போய்க் காட்டும் வேலையையும் முதலாளி என் தலையிலேயே கட்டினார். மேல்பட்டாம்பாக்கத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர், தோடர்களின் எருமையைப் பிள்ளைகளுக்கு விரித்துக் காட்டினார். அந்த எருமையின் கொம்புக்காக நான் இரண்டு நாள் மெனக்கெட்டிருந்தேன். நம் ஊர் எருமைக்கு இல்லாத வளைவு. பாராட்டை எதிர்பார்த்துத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நின்றேன். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்துவந்து எருமையின் வயிற்றுக்குக் கீழே விரலை வைத்தாள். "கொம்பு மட்டும் பெருசாப் போட்டுட்டு மடியே போடல. இவுங்க எதுல டீச்சர் பால் கறப்பாங்க?"

விலகிய சிவப்பு

நாகர் புத்தகத்தில் என் தப்பு எதுவும் இல்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். அந்தக் காலத்து அச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனி அச்சுக்கட்டை, பிளாக் என்போம்; ஒன்று இம்மி நகர்ந்தால் போச்சு. நாகர் தோளில் இருக்கவேண்டிய சிவப்புச் சால்வை, அரை விரற்கடை தள்ளி, பக்கத்தில் தனியாக நின்றது. சிதம்பரத்துப் புத்தகக் கடையில் ஓர் அம்மாள் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தபோது நான் கேலண்டர் பார்ப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டேன். அவர் கடைக்காரரிடம் கேட்டது நன்றாகக் காதில் விழுந்தது: "ஏங்க, இவுங்க ஊர்ல நெழலு செவப்பாத்தான் விழுமா?"

எந்த ஊர்?

இருளர் புத்தகத்துக்குப் போட்டோ எதுவும் கிடைக்கவில்லை. அதைப் பற்றி நான் கவலைப்படவும் இல்லை. இருளர் என்றால் காடு, காடு என்றால் தலையில் இறகு, கையில் ஈட்டி, நெருப்பைச் சுற்றி ஆட்டம் என்று கை தன் பாட்டுக்குப் போட்டுக்கொண்டே போனது. பின்னால் ஒரு மலையையும் நிறுத்தினேன். முதலாளிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அட்டையை உடனே அச்சுக்குக் கொடுத்தார். உள்படங்களுக்கு மெட்ராஸில் பிளாக் செய்யக் கொடுப்பதற்கு முன்னால், கிள்ளைப் பள்ளிக்கூடத்தில் காட்டி ஆர்டர் பிடித்து வரச் சொன்னார்.

கிள்ளை, நான் போகும் ரயில் நிற்கிற ஊர்தான். அதுவரை ஒரு தடவைகூட இறங்கியதில்லை. அங்கே வாத்தியார் படத்தை உயர்த்திப் பிடித்து, இவர்கள் யார் என்று வகுப்பைக் கேட்டார். "தெருக்கூத்து ஆடறவங்க சார்" என்று ஒரு குரல் வந்தது. வாத்தியார் என் பக்கம் குனிந்து, "அதோ உக்காந்திருக்குதே பூங்காவனம், அது இருளர் வீட்டுப் பொண்ணுதாங்க. கழி ஓரமா நாலஞ்சு குடும்பம் இருக்குது" என்றார்.

படங்களை அவளிடம் நீட்டினேன். ஆறு வயது இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்து, வரிசை கலையாமல் அடுக்கி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள். "நல்லாருக்குது சார். இவுங்க எந்த ஊரு?"

வாயில் பறி

அவள் கேட்டதில் கிண்டல் துளியும் இல்லை, அதனால்தான் அவமானமாக இருந்தது. பள்ளி விட்டதும் அவள் பின்னாலேயே உப்பங்கழி ஓரத்துக்குப் போனேன். மலையைக் காணோம். அவள் அம்மா காளியம்மா இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றுக்குள் இரண்டு கையாலும் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறியை, கை இரண்டும் வேலையில் இருந்ததால், பல்லால் கடித்துப் பிடித்திருந்தார். இப்படி ஒரு படம் என் மூளைக்கு ஏழு ஜென்மத்திலும் தோன்றியிருக்காது.

நான் கரையில் நின்று கேள்வி மேல் கேள்வி கேட்டேன். எல்லாவற்றுக்கும் "ம்" என்று மட்டுமே பதில் வந்தது. கோபமோ என்று பயந்துவிட்டேன். கடைசியில் நிமிர்ந்து பறியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "வாயத் தெறந்தா பறி போயிடும், நான் எப்பிடிப் பதில் சொல்றது? நீங்க எறங்கி வாங்க. கூடத் தடவிப் பாத்தா கேக்காமயே தெரியும்."

அட்டைக்காரர்

இறங்கினேன். செருப்பு இரண்டும் சேற்றோடு போயின, எனக்குக் கிடைத்தது ஒரே ஓர் இறால். நாலு நாள் போய் வந்து, கழியையும் வீட்டையும் காளியம்மாவையும் பள்ளிக்கூடம் கிளம்பும் பூங்காவனத்தையும் பார்த்துப் பார்த்துப் புதிதாகப் போட்டேன். முதலாளி முகம் சுருங்கிப்போயிற்று. "எறகு இல்லன்னா ஆதிவாசின்னு எவன் நம்புவான்? இவுங்க நம்மள மாதிரியில்ல இருக்காங்க?" என்றார். எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியாது. "பழைய படத்தப் போட்டா அந்தப் புள்ள அதே வகுப்புல உக்காந்து பாக்கணும் முதலாளி. என் பேர எடுத்துடுங்க. ஆறு புத்தகமும் வேணாம்" என்று சொல்லிவிட்டேன். மறுபடி பல்பொடி டப்பாதான், தெருவில் தலைகாட்ட முடியாது என்று எண்ணிக்கொண்டே நின்றேன்.

அவர் படங்களை மறுபடி எடுத்தார். பறியைக் கடித்த படத்தில் நின்றார், தாண்டிப் போனார், திரும்ப அதற்கே வந்தார். "பல்லு வலிக்காதா அந்தம்மாவுக்கு?" என்று கேட்டார். பிறகு, "உள்ள உங்க இஷ்டம். அட்டை அச்சாயிடுச்சி, அதுல மட்டும் கை வெக்காதீங்க" என்றார். பாதி ஜெயித்ததே பெரிசு என்று எழுந்து வந்துவிட்டேன்.

அச்சான முதல் பிரதியைக் கிள்ளைக்கு எடுத்துப்போனேன். காளியம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். பூங்காவனம் பக்கத்துக்கு இரண்டு வரியாக உரக்கப் படித்துச் சொல்ல, அவர் தன் வீட்டையும் தன்னையும் பார்த்துக்கொண்டே வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன. முடித்ததும் புத்தகத்தை மூடி, அட்டையில் ஈட்டியோடு ஆடிக்கொண்டிருந்தவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உள்ள எல்லாம் நாங்கதான். வாசல்ல நிக்கறவருதான் யாருன்னு தெரியல. எங்க வூட்டுக்கு விருந்தாளியா வந்திருக்காரு போல, உள்ள கூட்டிவந்து எதனா சாப்பிடச் சொல்லுங்க."

இருநூறு மைலுக்கு அப்பால் ஊட்டியில் இருந்தவரை இரவல் போர்வை வாங்கியாவது வரைந்துவிட்டு, வாரம் இரண்டு தரம் தாண்டிப்போன ஸ்டேஷனில் இருந்தவரைப் பார்க்காமலே வரைந்த ஆர்ட்டிஸ்ட், தென்னார்க்காடு ஜில்லாவில் நான் ஒருவன்தான் என்று இன்றும் பெருமையடித்துக்கொள்ளலாம்.