எனக்கு நான் கேக்கல

என் தங்கச்சி புருஷனுக்கு எங்கள் கிறிஸ்தவ சபையில் வைத்த பெயர் கண்மூடி. பிழைப்பு மூக்குக்கண்ணாடிக் கடையில். ஊரார் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி மாட்டி அனுப்புகிறவன், பாட்டெடுத்தால் மட்டும் தன் கண்ணைத் திறக்கமாட்டான். திறந்தால் மேலே இறங்கிய ஆவியின் அபிஷேகம் போய்விடுமாம். கடையில் சுற்றிலும் நிலைக்கண்ணாடி. வந்தவருக்கு ஃப்ரேம் பொருந்துகிறதா என்று பார்க்கிற சாக்கில் பாதி நேரம் தன் வகிடு நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வான். பொறாமையில் சொல்லவில்லை. எனக்கு வகிடெடுக்க முடியே கிடையாது.

நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். படிப்பு ஏறவில்லை, கம்பி ஏறியது. அதனால் சபையில் மைக், ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் என் தலையில். கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு மேசை. அதில்தான் சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும்.

பாடுகிறவன் காலடியில் அவனைப் பார்த்தபடி ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கும். மானிட்டர் என்போம். அது சபைக்கு அல்ல. பாடுகிறவன் தன் குரலைத் தானே கேட்டுக்கொள்வதற்கு. கண்மூடி வந்த நாளிலிருந்து எனக்கு அதனால்தான் வதை.

"மச்சான், எனக்கு நான் கேக்கல. கூட்டு."

கூட்டுவேன்.

"இன்னும் கேக்கல மச்சான்."

"மாப்ள, இதுக்கு மேல போனா ஸ்பீக்கர் கிழிஞ்சிரும்யா."

"அப்போ அதுல வர்ற கீபோர்ட எடுத்துரு. நான் மட்டும் போதும்."

எடுத்தேன். அன்றிலிருந்து அந்தப் பெட்டிக்குள் அவன் மட்டும்தான்.

வீட்டிலும் இதே கதை. விடிந்ததும் தெருப்பக்க ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு தனி ஜெபம். ஆண்டவரோடு அந்தரங்கமாம். எதிர்வீட்டு டீச்சரம்மா ஒருநாள், "உங்க குரல்ல தாங்க எங்களுக்குப் பொழுது விடியுது" என்று சொல்லித் தொலைத்தார். அவ்வளவுதான், இரண்டு பாட்டு ஐந்தாயிற்று. பிறகு டீச்சரம்மா வீடு மாறிப் போனார். எதிர்வீட்டில் பூட்டு தொங்கியது.

"இப்பல்லாம் ஒரு சரணத்தோட முடிச்சுக்கிறாருண்ணே" என்றாள் தங்கச்சி. "ஆண்டவரும் வீடு காலி பண்ணிட்டாரு போல."

அவள் துணி தைக்கிற கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறாள். ஹால் முழுக்க மெஷின் அலறும் இடம். பக்கத்தில் இருப்பவளோடு பேசவே அடிவயிற்றிலிருந்து கூப்பிட வேண்டும். அதனால் குரல் கட்டை, ஆனால் சுவரைத் தாண்டும். கல்யாணமான புதிதில் புருஷன் பக்கத்தில் நின்று பாடினாள். "உன் சத்தம் என் சுருதிய இழுக்குது" என்று அவளைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டான். இத்தனை வருஷமாக என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே பாடுவாள்.

வருஷத்துக்கு ஒரு தடவை பல சபைகள் சேர்ந்து மைதானத்தில் பெரிய கூட்டம் நடத்தும். அந்த மேடையில் பாட்டு நடத்த வேண்டும் என்பது கண்மூடியின் நெடுநாள் ஏக்கம். பரலோகம் கூடக் கொஞ்சம் தள்ளிப் போகலாம், மேடை தள்ளிப் போகக் கூடாது. இந்த வருஷம் ஆள் தேர்வு செய்ய ஒரு பெரியவர் சபை சபையாகப் போய்க்கொண்டிருந்தார். வருகிற ஞாயிறு எங்கள் சபை. கண்மூடி வெள்ளைக் கோட்டே தைத்துவிட்டான். கூட்டம் நடக்கும் நாட்களுக்குக் கடை முதலாளியிடம் லீவும் சொல்லிவிட்டான்.

ஞாயிறு வந்தது. பெரியவர் நடுவரிசையில் உட்கார்ந்தார். கண்மூடி மேடையேறி, எனக்கு விரலை மேலே காட்டினான். மானிட்டரைக் கூட்டினேன். "நம்மை மறந்து அவரைப் பாடுவோம்" என்று சொல்லிக் கண்ணை மூடினான்.

பல்லவி முடியவில்லை, சபைக்குக் கேட்கவைக்கிற ஆம்ப்ளிஃபயர் 'டொப்' என்று உயிரை விட்டது. பெரிய ஸ்பீக்கர் இரண்டும் ஊமை. மானிட்டருக்குத் தனி ஆம்ப்ளிஃபயர், அதற்கு ஒரு குறையும் இல்லை. கண்மூடிக்குத் தன் குரல் தேவாமிர்தமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. முன்வரிசைக்குக் குடத்துக்குள் பேசுவது போல ஏதோ முணுமுணுப்பு. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. நான் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். கண் திறந்திருந்தால்தானே!

சபை விழித்தது. பெரியவர் கழுத்தை நீட்டினார். அப்போதுதான் என் தங்கச்சி எழுந்தாள். விட்ட இடத்திலிருந்து பாட்டை எடுத்தாள். அந்தக் கட்டைக் குரல் மேடை வரை போய்த் திரும்பியது. ஜனம் பிடித்துக்கொண்டது. கீபோர்டுக்காரன் தன் பெட்டியிலேயே இருக்கிற சின்ன ஸ்பீக்கரைத் திறந்துவிட்டு அவள் பின்னால் போனான். மானிட்டரில்தான் கீபோர்டு இல்லையே, கண்மூடிக்கு எங்கே தெரியும்? சபை நான்கு சரணத்தையும் பாடி, ஆமென் சொல்லி, உட்கார்ந்தும்விட்டது. இவன் இன்னும் மூன்றாவதில் உருகிக்கொண்டிருக்கிறான். கை மேலே, கண்ணீர் கீழே. பாஸ்டர் போய்த் தோளைத் தொட்டார். ஆண்டவர்தான் தொட்டார் என்று நினைத்தானோ என்னவோ, இன்னும் குழைந்தான். இரண்டாம் தடவை உலுக்க வேண்டியதாயிற்று.

ஆராதனை முடிந்ததும் பெரியவர் பாஸ்டரிடம் கேட்டார். "பின்னாடி பாட்டெடுத்த அம்மா யாருங்க? கூட்டத்துக்கு அவங்கள அனுப்புங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, "முன்னாடி பாட்ட ஆரம்பிச்ச தம்பி, பாதியில விட்டுட்டுத் தனியா ஜெபம் பண்ணிட்டு நின்னாரே, வீட்ல ஏதும் கஷ்டமா?"

தங்கச்சியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"கூட்டம் வெள்ளி, சனியா? எனக்கு ஓவர்டைம் இருக்குங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் கண்மூடி வெள்ளைக் கோட்டோடு என் மேல் பாய்ந்தான்.

"வேணும்னே பண்ணிட்ட மச்சான்!"

"ஆமா, ஆம்ப்ளிஃபயர் காயில் கிட்ட சொல்லிவச்சுக் கருக விட்டேன். போயா."

தங்கச்சி குறுக்கே வந்தாள். "ஏங்க, நீங்க ஆண்டவருக்குத்தானே பாடுனீங்க? அவருக்குக் கேட்டிருக்கும்ல. அப்புறம் என்ன?"

"அவருக்குக் கேட்டு என்னடி பிரயோஜனம்? செலக்ட் பண்ண வந்தவருக்குக் கேக்கலையே!"

சொன்ன பிறகுதான் தன் காதிலேயே அது விழுந்தது. அதற்கு மானிட்டர் தேவைப்படவில்லை. கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்தான். தங்கச்சி அதை எடுத்து உதறி மடித்தாள்.

பெரிய கூட்டத்துக்கு வேறு சபையிலிருந்து ஆள் போனான். அடுத்த ஞாயிறு கண்மூடி மேடையேறி, தொண்டையைச் செருமி, எல்லோர் முன்னாலும் சாட்சி சொன்னான். "எனக்கு நான் கேக்க வேண்டியதில்ல. மச்சான், மானிட்டர நிப்பாட்டிரு." ஜனம் ஸ்தோத்திரம் என்றது. ஒரு பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் நிறுத்தினேன்.

பல்லவி ஒழுங்காகப் போனது. முதல் சரணத்தில் முகம் கோணியது. இரண்டாவதில், தொடையோடு ஒட்டியிருந்த இடதுகையில் ஒரு விரல் மட்டும் மெல்ல மேலே எழும்பியது. ஒரு கண் கீற்றாகத் திறந்து என் மேசையைத் தேடியது.

நான் பார்க்காத மாதிரி இருந்தேன். விரல் இன்னும் கொஞ்சம் எழும்பியது.

என் மேசைக்கு முன்னால் நின்று வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்த தங்கச்சி பாட்டை நிறுத்தாமலே என் பக்கம் திரும்பினாள். கையால் சைகை காட்டினாள்: கூட்டிவிடு, பாவம்.

கொஞ்சமாகக் கூட்டினேன். கண்ணை மூடிக்கொண்டான்.