சண்டை கேமுக்கு அப்பாமார் தந்த சம்மதம்

பதினேழு வயசுக்காரனைப் பிடித்து உட்காரவைத்து, பதினாலு வயசுக்காரனுக்கு எது ஆகும் எது ஆகாது என்று தீர்ப்புச் சொல்லவைக்கிற தொழில் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். கேம் சென்டர் கவுண்டர். மருந்துக்கடையிலும் ஜெராக்ஸ் கடையிலும் துணிக்கடையிலும் நின்று, வருகிறவர்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிற சகோதர சகோதரிகளே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த லீவில், குழித்துறையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த கேம் சென்டரில் சேர்ந்தேன். முதலாளி சுனில் அண்ணன், துபாயில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்து திரும்பியவர். நாலு டி.வி., எட்டு நாற்காலி. நான் சேர்ந்த வாரம்தான் புதிதாக ஒரு சூப்பர்ஹீரோ சண்டை கேம் வந்து இறங்கியது. ஒருவன் உடம்பிலிருந்து மின்சாரம் பாய்ச்சுவான், ஒருத்திக்குச் சிறகு, இன்னொருவன் முழுக்கக் கல். பயல்கள் மணிக்கணக்கில் யோசிக்கவில்லை. கரண்டு மாமா, பருந்தக்கா, பாறை என்று அன்றைக்கே பேர் வைத்துவிட்டார்கள்.

டப்பாவின் மேல் 16 என்று ஒரு எண். அதைப் பார்த்து யாரோ புகார் சொல்ல, அண்ணன் ஒரு சட்டம் போட்டார். பதினாறுக்குக் கீழே உள்ளவன் இந்த கேமைத் தொடவேண்டுமானால் அப்பாவோ அம்மாவோ வந்து ஒரு ரவுண்டு பார்க்கவேண்டும். வர முடியாதவர்கள் கடை போனுக்குக் கூப்பிட்டு அண்ணனிடம் சம்மதம் சொல்லவேண்டும். பையன் பேருக்கு நேரே நான் நோட்டில் 'கொள்ளாம்' அல்லது 'கொள்ளாது' என்று எழுதுவேன். கொள்ளாம் என்றால் எங்கள் பக்கத்தில் 'பரவாயில்லை, ஆகலாம்' என்று அர்த்தம்.

பதினாறு

முதல் நாளே ஒரு அம்மா மகனோடு வந்தார். டப்பாவைக் கையில் வாங்கி, மருந்துச் சீட்டைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தப் பதினாறு என்னவாக்கும்?" என்றார். வயசு என்றேன். மகனை என் பக்கத்தில் நிறுத்தினார். தோளோடு தோள் அளந்து பார்த்தார். பயல் என்னைவிட ரெண்டு விரல் உயரம். அந்த அம்மா முகத்தில் ஜெயித்த களை வந்துவிட்டது.

"வயசு பதினாலுதான் மக்கா. ஆனா இவனுக்க அப்பாக்க சட்டையெல்லாம் இவனுக்கு இப்பம் பாகமாக்கும்."

கை சும்மா இருக்குமா

அடுத்து ஒரு அப்பா. வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் ரெண்டு பேனா. மகன் பயந்துகொண்டே பாறையை எடுத்து ஆடிக் காட்டினான். எதிராளியின் உயிர்க்கோடு பச்சையிலிருந்து சிவப்புக்கு வந்து தீர்ந்தது, மணி அடித்தது. அந்த மனுஷர் நாற்காலியை விட்டு எழுந்தார். மகன் பிடரியில் ஒரு அடி. 'இதுக்குத்தான் டியூஷன கட் அடிச்சியா' என்று இன்னொரு அடி. மூன்றாவது, நாலாவதுக்குக் காரணம் சொல்லவில்லை. டி.வி.யில் சண்டை முடிந்துவிட்டது, கடையில் முடியவில்லை.

மற்ற பயல்கள் எல்லாரும் சட்டென்று தங்கள் டி.வி.யைப் பார்த்துக்கொண்டார்கள். நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தீர்ப்புக்குக் காத்திருந்தேன். அவர் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு என்னிடம் நியாயம் கேட்டார்.

"இப்பிடி அடிக்கியத நாள் முழுக்கப் பாத்தா, பிள்ளையளுக்குக் கை சும்மா இருக்குமா தம்பி?"

வீடியோ காலில் ஒரு நீதிபதி

மஸ்கட்டில் இருந்த ஒரு அப்பா வீடியோ காலில் பார்ப்பதாகச் சொன்னார். பையன் ஆட, நான் போனை டி.வி.க்கு எதிரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். படம் நின்று நின்று வந்தது. அந்தப் பக்கம் அவரோடு அறையில் இருந்த நாலு பேரும் எட்டிப் பார்த்தார்கள். "கரண்டு பாய்ச்சியான் பாத்தியா!" என்று ஒருவர் குதித்தார். "எடே, அவனுக்க காலுல குடு" என்று இன்னொருவர் யோசனை சொன்னார். பதினைந்து நிமிஷத்தில் மஸ்கட்டிலும் குழித்துறையிலும் ஒரே கூச்சல்.

கரண்டு மாமா சாம்பலானதைப் பார்த்து யாருக்கும் வருத்தம் இல்லை. கடைசியில் ஜெயித்த பருந்தக்கா சிறகை விரித்துக்கொண்டு திரை முழுக்க நின்றாள். அப்பா தொண்டையைச் செருமினார்.

"அடியெல்லாம் குழப்பமில்ல தம்பி. அந்தப் பிள்ளைக்கு ஒரு ஷால் போட்டுவிட வழி உண்டா?"

எல்லாருக்கும் ஒரே இருமல்

இனிமேல் என் குட்டு. சின்ன வயசிலிருந்தே எனக்கு எந்தக் குரலும் ஒருமுறை கேட்டால் போதும். பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் குரலில் மைக்கில் அரைநாள் லீவு விட்டவன் நான். சம்மதம் வாங்க முடியாத பயல்கள் என்னைச் சுற்றி வந்ததில் ஆச்சரியம் உண்டா? ஒரு முட்டை பப்ஸுக்கு ஒரு அப்பா. பேக்கரிக்குப் பின்னால், காலி ரொட்டி டிரேக்கள் அடுக்கிய இடத்தில் நின்று யாராவது ஒருவன் போனிலிருந்து கடைக்கு அழைப்பேன். மேலே சுனில் அண்ணன் எடுப்பார்.

பட்டாளத்தில் இருந்த அப்பாவா? சொல்லுக்குச் சொல் நிறுத்தி, அதட்டி. ரப்பர் வியாபாரியா? "பாருங்க, நான் ஒரு லோடு ஏத்திட்டு நிக்கேன், வேகம் சொல்லும்" என்று அவசரம். கிழக்கே நாகர்கோவில் பக்கத்து அப்பாவுக்கு ஒரு இழுவை, மேற்கே களியக்காவிளை பக்கத்து அப்பாவுக்கு மலையாள நீட்டல். பேச்சில் தடுமாறினால் சமாளிக்க நடுவில் ஒரு இருமல். ஒரு மாதத்தில் நோட்டில் கொள்ளாம் கொள்ளாம் என்று பக்கம் நிரம்பியது. எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? பதினொரு பேருக்குத் தகப்பன்!

ஒரு நாள் பேசி முடித்து நான் மாடி ஏறி வந்ததும் அண்ணன் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மக்கா, இந்த ஊருல உள்ள அப்பன்மாருக்கெல்லாம் ஒரே இருமலாடே?"

அஜினின் அப்பா

பன்னிரண்டாவதாக வந்தவன் அஜின். ஒன்பதாம் வகுப்பு. யாராவது விளையாடும்போது நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்ப்பான். சம்மதம் இல்லாமலே ஒரு நாள் அவன் கையில் ரிமோட்டைக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு அடிகூட அடிக்கவில்லை. தடுக்கிற பட்டன் ஒன்றை மட்டும் அமுக்கிக்கொண்டே இருந்தான். எந்தப் பக்கமிருந்து அடி வரும் என்று வருவதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்தது. "எடேய், நீயும் ஒண்ணு குடுடே" என்று எல்லாரும் கத்தினோம். அவன் தடுத்துத் தடுத்தே நேரத்தைக் கடத்தினான். அதில் ஒரு சிரிப்பு அவனுக்கு. அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"அண்ணா, எனக்க அப்பாவா பேசுவியளா?" என்றான். ஜல்லி லாரி வைத்திருக்கிறவர் அவன் அப்பா. அவர் பேசி நான் கேட்டதில்லை. சாதாரணமாக வீட்டில் சொல்கிற ஏதாவது ஒரு பேச்சைச் சொல்லு, பிடித்துக்கொள்கிறேன் என்றேன். அவன் பாடம் ஒப்பிப்பதுபோல ஒப்பித்தான்: "அஜினே, இஞ்ச வா மக்களே. கதவச் சாத்து. அழப்பிடாது, என்ன? அழுதா முதல்ல இருந்து எண்ணுவேன்."

நான் கோட்டிக்காரன். இதைக் கேட்டதும் என்ன செய்தேன்? வில்லன் குரலில், தொண்டை கிழிய, பயல்கள் எல்லாருக்கும் கேட்கும்படி முழக்கினேன். கடையே சிரித்தது. அஜினின் கை மட்டும் தானாகக் காதுக்கு உயர்ந்தது. அதையும் நடிப்பு என்றே நினைத்துக் கைதட்டினேன். சிரிப்பு அடங்கியதும் அவன் பக்கத்தில் வந்து, தப்பைத் திருத்தினான்.

"அப்பிடி இல்லண்ணா. அப்பா இதச் சொல்லும்பம் சத்தமே போடாது. பைய, சினேகமாத்தான் சொல்லும்."

நேரில் வந்து பார்த்தவர்

அன்றைக்கே மெதுவாகப் பேசிச் சம்மதம் வாங்கிக் கொடுத்தேன். மூன்று சனிக்கிழமை அஜின் வந்தான். நாலாவது வாரம் சுனில் அண்ணன் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் அவன் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க போன்ல மரியாதையா பேசினிய, சந்தோசம்" என்று சொல்லித் தொலைத்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை அஜின் ஆடிக்கொண்டிருக்கும்போது அவன் அப்பா வந்தார். ஒல்லி. செருப்பை வாசலில் ஒழுங்காக ஜோடி சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். போனில் பேசினது யார் என்று கேட்டார். நான் டி.வி.க்குப் பின்னால் ஒயரைச் சரிசெய்கிறவன்போலக் குனிந்தேன். நிமிரவே இல்லை. "நான்தாம்ப்பா பேசினேன்" என்று அஜின் சொன்னது கேட்டது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ரவுண்டு முழுக்கப் பொறுமையாகப் பார்த்தார். பிறகு மகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அண்ணனிடம் தீர்ப்புச் சொன்னார்.

"கொள்ளாது. மனுசன மனுசன் அடிக்கியதப் பிள்ளைய பாக்கப்பிடாது."

ஊர் கூடியது

இந்த கேம் வேணுமா வேண்டாமா என்று முடிவுசெய்ய, எட்டாம் நாள் கடையிலேயே பெற்றோர் கூட்டம். பத்துப் பதினைந்து பேர்; தலைமைக்கு ஒரு ரிட்டயர்டு வாத்தியார். அஜினையும் அவன் அம்மாவையும் அவன் அப்பா கூட்டி வந்திருந்தார். பையனின் இடது கையில் வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தார். "கேமப் பாத்து மதில்ல இருந்து சாடியிருக்கியான்" என்று அப்பா அந்தக் கையைத் தூக்கிக் காட்டினார். ஐயோ பாவம் என்று எல்லாரும் டி.வி.யை முறைத்தார்கள். அஜின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்னொரு தடவை டி.வி.க்குப் பின்னால் குனிய என்னால் முடியவில்லை. "இவருக்க சத்தத்துல போன்ல பேசினது அவன் இல்ல, நானாக்கும்" என்றேன். ஒருவரும் நம்பவில்லை. "நீயா? எங்க, பேசு பாப்போம்" என்று வாத்தியார் சிரித்தார். பேசினேன். அஜின் சொல்லிக் கொடுத்த அதே குரல், மெதுவாக, சினேகமாக. "அஜினே, இஞ்ச வா மக்களே. கதவச் சாத்து. அழப்பிடாது, என்ன? அழுதா முதல்ல இருந்து எண்ணுவேன்."

அவன் அம்மா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டார். அப்பா வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார். எல்லாருக்கும் புரிந்தது, ஒருவர் பாக்கியில்லாமல். இப்போது ஏதாவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அது அவருக்க வீட்டுக் காரியம். நாம கூடினது கேமுக்க காரியம் பேசியதுக்காக்கும்."

அம்மா சொன்னது

கேம் கொள்ளாது என்று எல்லாரும் கை தூக்கினார்கள். பிடரியில் அடித்த வெள்ளை வேட்டிக்காரர் கைதான் முதலில் தூக்கிய கை. கள்ளக்குரலில் பேசியதற்கு எனக்கும் வேலை போனது. அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. பன்னிரண்டு அப்பாக்களை விற்றவன்தானே.

மூன்றாம் நாள் காலை பஸ் ஸ்டாண்டில் அஜினையும் அவன் அம்மாவையும் பார்த்தேன். ரெண்டு பெரிய பை, ஒரு பள்ளிக்கூடப் பை. இராஜாக்கமங்கலத்தில் இருக்கிற மாமா வீட்டுக்கு, அங்கேயே பள்ளிக்கூடம் சேர. அஜின் கட்டுப்போட்ட கையை லேசாக அசைத்தான். நான் எதையாவது பேசிச் சிரிக்கவைக்கலாம் என்று வாயைத் திறந்தேன். ஒரு குரலும் சரியாக அமையவில்லை. பஸ் வந்தது. ஏறுகிற அவசரத்திலும் அந்த அம்மா திரும்பி என்னிடம் சொன்னார்.

"அந்தச் சத்தம் எங்க சுவருக்கு வெளிய போவாதுன்னு நினைச்சிருந்தேன் மக்கா."

ஆக, பிள்ளைகளுக்கு எது ஆகாது என்று ஊர் கூடி யோசித்ததில், டப்பாவில் போட்டுத் திருப்பி அனுப்ப முடிந்ததை மட்டும் அனுப்பி வைத்தார்கள்.