மூன்று காலில் நின்ற ராணி

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் பழைய ஒழுங்கைக்கு இன்று தார் போடுகிறார்கள். அந்த மணம் மூக்கில் ஏறியதும், எங்கள் வீடு இருந்த இடத்தில் எழும்பிய மாடிக் குடியிருப்பின் கார்கள் நிற்கிற இடத்தில் எங்கள் தகரக் கொட்டிலும், அதற்குள் முன்னங்காலைத் தூக்கியபடி நின்ற குதிரை ராணியும் கண்ணுக்கு வந்துவிட்டன.

காலிமுகத்திடல் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிய மட்டக்குதிரை அவள். குளம்புக்குள் சீழ் கட்டி நொண்டினாள். விற்றுவிடு என்று ஒழுங்கையே சொன்னது. வாங்க வந்தவன் இறைச்சிக்குத்தான் கேட்டான். அம்மா அவனை வாசலோடு துரத்திவிட்டார்.

காலையும் மாலையும் சுடுதண்ணீரில் உப்புக் கரைத்து, நொண்டிய காலை வாளிக்குள் வைத்து, தண்ணீர் ஆறும்வரை கழுத்தைத் தடவிக்கொண்டு நிற்பார். பிறகு தவிட்டைச் சூடாகக் குழைத்துக் குளம்பில் அப்பி, சாக்குத் துண்டால் இறுக்கிக் கட்டுவார்.

"மூண்டு காலில நிக்கிறத என்னத்துக்கு அக்கா வச்சிருக்கிறீங்க?" என்றாள் பக்கத்து வீட்டு மெற்றில்டா.

"உன்ர மனுசன் குடிச்சிட்டு ரெண்டு காலிலயும் நிக்கிறேல்ல. அவர வித்தனியா?" என்றார் அம்மா.

ஒருநாள் சீழ் உடைந்து கொட்டிலே நாறியது. அம்மா சிரித்தார். கழுவி, ஓட்டையில் தார் தோய்த்த பஞ்சை அடைத்தார். ராணி நான்கு காலையும் ஊன்றி நடந்த அன்று, குளம்புச் சத்தம் ஒரே சீராகக் கேட்க, அம்மா அவளை மெற்றில்டா வீட்டு வாசலால் வேண்டுமென்றே இரண்டு தடவை நடத்திப் போனார்.

"கார் வாற இடம் மிஸ், இங்க நிக்க ஏலாது" என்கிறான் இப்போது மாடிக் குடியிருப்பின் காவலாளி.

மூன்று காலில் ராணி நின்ற இடம் இது. எனக்கு இரண்டு காலும் நன்றாகத்தான் இருக்கின்றன. நிற்கிறேன்.