மூன்று பெயரும் ஒரே மேசையில்

வல்யேவோ நகருக்கு வெளியே எங்கள் பால் ஆலையில் தயிர்ப் பிரிவின் ஷிப்ட் தலைவி தெசாங்கா. கணவர் இறந்தபின் கூடுதல் ஷிப்டுகள் பார்த்து அந்த இடத்தைப் பிடித்தவர். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

மின்சாரம் நின்றாலும் வேலை நிற்காதபடி தலைநகர் பெல்கிரேடிலிருந்து வந்த நிபுணர்கள் ஒரு திட்டம் எழுதித் தந்தார்கள். ஜெனரேட்டரை இயக்கப் பராமரிப்புப் பிரிவின் லுபிசாவ். அவர் கிடைக்காவிட்டால் தெசாங்கா. அவரும் இல்லையென்றால் மேலாளர் வெலிமிர். சாதாரண வேலைநாள் ஒன்றில் ஒத்திகை நடந்தது. குறையொன்றும் இல்லை.

டிசம்பரில் புனித நிக்கோலா நாள் வந்தது. லுபிசாவ் குடும்பத்தின் காவல் புனிதர் அவர்தான். அன்றைய விருந்துக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை, போகாமலிருந்தால்தான் கோபம். மூவரும் லுபிசாவ் வீட்டில் பொரித்த மீனும் பிளம் பழச் சாராயமான ராக்கியாவுமாக இருந்தபோது ஆலைக் காவலாளி தெசாங்காவின் போனில் கூப்பிட்டார். பனியில் மின்கம்பி அறுந்து ஆலை இருண்டுவிட்டது.

லுபிசாவ் எழுந்து, உடனே உட்கார்ந்தார். "வாசல் ரெண்டாத் தெரியுது. தெசாங்கா, நீ போ."

"நானே நாற்காலியப் புடிச்சுக்கிட்டு இருக்கேன். வெலிமிர் தம்பிய எழுப்பு."

வெலிமிர் சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வண்டியோட்டத் தெளிவாக யாருமில்லை. லுபிசாவும் தெசாங்காவும் பனியில் நடந்து போய்ச் சேர்வதற்குள் உறை ஊற்றிய பால் முழுவதும் ஆறிப் பாழாகிவிட்டது.

ஆலை அலுவலகத்தில் அறிக்கையைத் தட்டச்சு செய்தவன் நான். 'எதிர்பாராத நிகழ்வு. பொறுப்பாளர்களைத் தொடர்புகொள்ள இயலவில்லை' என்று வெலிமிர் சொல்லச் சொல்ல அடித்தேன். லுபிசாவ் கையெழுத்திட்டார்.

"நீங்களும் போடுங்கக்கா" என்று வெலிமிர் தாளைத் தெசாங்கா பக்கம் நகர்த்தினார்.

"போன் என் மடியிலதான் அடிச்சுது தம்பி. குடிச்சிருந்தேன்னு எழுது, போடறேன். நீ தூங்குனதயும் எழுது."

"அதெல்லாம் எழுத முடியுமா?"

"நிக்கோலா வருஷா வருஷம் அதே தேதியிலதான் வர்றாரு. இதுல எது எதிர்பாராதது?"

"அன்னிக்குக் குடிக்கக் கூடாதுன்னு திட்டத்துல ஒரு வரி சேத்துடறேன்."

"அன்னிக்கு ராக்கியா ஊத்திக் குடுத்த லுபிசாவோட மாமியார்கிட்ட அத நீயே படிச்சுக் காட்டு. உயிரோட வந்தா பேசுவோம்."

லுபிசாவ் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஷிப்ட் தலைவி வேலை போயிரும்க்கா."

"எடுத்துக்கோ."

எடுத்துக்கொண்டார்கள். ஜனவரியில் தெசாங்கா கேன் கழுவும் கொட்டகைக்குப் போனார். மன்னிப்புக் கேட்கச் சொன்ன மகள்களோடு ஒரு வாரம் பேசவில்லை.

வசந்தத்தில் திருத்திய திட்டம் வந்தது. குடிக்கக் கூடாது என்ற வரி இருந்தது. தெசாங்காவின் இடத்தில் லுபிசாவின் மைத்துனர் பெயர். எல்லோரும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும் என்று வெலிமிரே கொட்டகைக்குக் கொண்டுவந்தார்.

தெசாங்கா ஈரக்கையைத் துடைக்காமலே படித்தார்.

"மைத்துனன் மட்டும் நிக்கோலா அன்னிக்கு எங்க சாப்பிடுவானாம்?"

"போடலேன்னா மேல நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும்க்கா."

"எடு. இதுக்குக் கீழ ஒரு வேலை இருந்தா சொல்லு, இப்பவே போறேன்."

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த கேனைக் கவிழ்த்தார்.