நான் சேர்த்த ‘ஹரிட்லி’

“…மத்ததெல்லாம் கெடக்கட்டும் தம்பி, அந்த ஒத்த வார்த்தைக்கு மட்டும் அர்த்தம் சொல்லுங்க” என்றபடி, நான் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்த மனுவின் நகலை மேசைமேல் வைத்தார் கங்காணி அக்கா. தேவாரத்திலிருந்து மலையேறி ஏலக்காட்டு வேலைக்குப் போகும் பெண்களை ஜீப்புக்குப் பன்னிரண்டு பேராகச் சேர்த்து அழைத்துப் போகிறவர். அவருடைய தங்கை அந்த ஜீப்பிலிருந்து இறங்கும்போது விழுந்து, பின்சக்கரத்தில் சிக்கி இறந்துபோனார். மனு அதைப் பற்றியது. சம்பவம் நடந்தது கேரளப் பக்கம். தமிழில் எழுதினால் அங்கே படிக்க ஆளில்லை என்று இங்கிலீஷில் எழுதச் சொல்லி என்னிடம் வந்திருந்தார்.

எனக்கு இங்கிலீஷைத் தந்தது பள்ளிக்கூடம் இல்லை. பத்தாவதோடு நின்றவன். அட்டை கிழிந்த ஒரு அகராதியும், பிறர் எழுதிய பழைய மனுக்களும்தான் வாத்தியார்கள். ஒரு சொல் பிடித்துப்போனால் விடமாட்டேன். ‘ஹரிட்லி’ (hurriedly) அப்படிப் பிடித்துப்போனது. அரக்கப்பரக்க, அடிச்சுப்பிடிச்சு, விழுந்தடிச்சு என்று நம் சனங்கள் விதவிதமாகச் சொல்வதையெல்லாம் ஒரே சொல் அள்ளிக்கொள்கிறதே என்று வியப்பு. ஆடு காணாமல்போன மனுவில் ஒருவர் ஹரிட்லி ஓடுவார். வாய்க்கால் தகராறு மனுவில் இன்னொருவர் ஹரிட்லி வருவார். அது இல்லாவிட்டால் மனு மொட்டையாக நிற்பதுபோல் இருக்கும் எனக்கு.

மனு எழுதச் சொல்லி வந்த அன்று அக்கா சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. “டிரைவருக்கு ரெண்டாவது நடை அடிக்கணும். எஞ்சினக்கூட அமத்த மாட்டான். எங்களுக்கு என்ன அவசரம்? சாயங்காலம் வரைக்கும் அங்கனதான கெடக்கப் போறோம். எந்தங்கச்சி ஒரு கால தரையில வச்சிட்டா. மறுகால் படியில. அதுக்குள்ள எடுத்துட்டான்.” இவ்வளவு தெளிவாக ஒருவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டே, என் விரல்கள் பழக்கத்தில் தட்டின: அவள் ஹரிட்லி இறங்கினாள். அடித்து முடித்து வாசித்துப் பார்த்தபோது வாக்கியம் அழகாக இருப்பதாகக்கூட நினைத்தேன். தமிழில் படித்துக் காட்டியபோது அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டேன். அது அலங்காரம்தானே என்ற நினைப்பு.

“போலீஸ் ஸ்டேசன்ல வாசிச்சாக தம்பி. ‘உங்க தங்கச்சி அவசரப்பட்டு எறங்குனான்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீகளே’ன்னு கேட்டாக. டிரைவர் என்னயப் பாத்துச் சிரிக்கிறான். நான் அப்பிடிச் சொல்லவே இல்லையேன்னேன். அவுக கையில இருந்த மனுவுல ஒரு எடத்துல கோடு போட்டுக் காட்டுனாக. எங்க ஆத்தா வீட்ல காத்துக்கிட்டு இருக்கு. ‘அவ பதறாத பிள்ளையாச்சே’ன்னு இன்னும் பொலம்புது. அதுக்கு நான் போயி என்ன சொல்ல?”

அர்த்தத்தைச் சொன்னேன். அவசர அவசரமாக, பதற்றமாக என்றேன். யாருடைய செயலோடு சேர்க்கிறோமோ அவர் தலையில் அவசரத்தைக் கட்டிவிடும் சொல் அது என்றும், டிரைவர் வண்டியை எடுத்ததோடு சேர்த்திருக்க வேண்டும் என்றும் சொன்னேன். வேறு மனு எழுதித் தருகிறேன் என்றேன். “முதல் மனுவுலதான கையெழுத்துப் போட்டிருக்கேன். இனி எத மாத்தி எழுதுனாலும், யாரோ சொல்லிக்குடுத்து எழுதுனதும்பாக” என்றார். அதில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போதும் மனு எழுதுகிறேன். அந்தச் சொல் வருகிற இடத்தில் விரல் தானாக நின்றுவிடுகிறது. அதனால் யாருக்கு என்ன லாபம்?

“அவசரமா…” என்று அன்று என் மேசை முன்னால் அக்கா தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு, “எங்கன இருக்கு அது?” என்றார். விரலை வைத்துக் காட்டினேன். ஏலக்காய்க் கறை ஏறிய கட்டைவிரலை நாக்கில் தொட்டு, அந்தச் சொல்லின்மேல் வைத்துத் தேய்த்தார். லேசர் பிரிண்ட் அது, அழியாது. காகிதம் நைந்து திரிதிரியாக வந்தது. அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார்.